மணம் தோலில், மென்மை தேனில்

வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி. 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்கா, மழை பெய்திருந்தால் தண்ணீர் கொட்டும் அருவி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும். அங்கிருந்து மேலே ஏறுவதுதான் ஜவ்வாது மலை. அந்த மலையின் முதன்மைப் பயிர் சாமை, பெயர்பெற்ற பண்டம் தேன். எலுமிச்சைப் பழம் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலேயே மெத்தென்ற எலுமிச்சை பிஸ்கெட் சுடலாம். ஆனால் பலர் வீட்டில் அது மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது, எலுமிச்சை வாசனையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேதியியல்.

முதலில் வாசனை. நிறையச் சாறு பிழிந்தால் நிறைய மணக்கும் என்று நினைக்கிறோம். சாறு தருவது புளிப்பை மட்டும்தான். மணம் இருப்பது தோலின் மேற்பரப்பில், கண்ணுக்கே தெரியும் சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில். தோலை மடக்கி மெழுகுவத்திச் சுடர் அருகே அழுத்தினால் பொறி பறப்பது அந்த எண்ணெயால்தான். அதில் பெரும்பங்கு லிமோனீன். ஆனால் 'இது எலுமிச்சை' என்று மூக்குக்குச் சொல்வது சிறு அளவில் இருக்கும் சிட்ரால். இவை தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே துருவிய தோலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் நன்றாகக் கசக்குங்கள். சர்க்கரைப் படிகம் பைகளைக் கிழிக்கும், வெளிவரும் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெண்ணெய் சேர்த்தால் மணம் அதில் கரைந்து தங்கும். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியைத் தொடாதீர்கள், கசக்கும்.

வெளிநாட்டுச் சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். அவர்கள் சொல்லும் லெமன், புளிப்பு ஆரஞ்சுக்கும் சிட்ரானுக்கும் பிறந்த தடித்த தோல் பழம். நம் சந்தை எலுமிச்சைக்கும் ஒரு பெற்றோர் சிட்ரான்தான், ஆனால் மற்றொன்று தென்கிழக்காசியக் காட்டு இனம். தோல் மெல்லியது, பழம் சிறியது, புளிப்பு கூடுதல். அவர்கள் ஒரு பழத்தின் தோல் என்றால் நமக்கு மூன்று நான்கு வேண்டும், சாறோ ஒரு பழத்தினுடையதே போதும். நாரத்தங்காய்த் தோலும் நன்றாக மணக்கும், கசப்புக்குப் பயந்து கொஞ்சமாகப் போடலாம்.

இனி மென்மை. வெண்ணெயைக் கூட்டினால் மெத்தென்று வரும் என்பது பரவலான நம்பிக்கை. வெண்ணெய் கூடினால் பிஸ்கெட் பரந்து, ஓரம் முறுகும். மென்மை என்பது உள்ளே தங்கும் ஈரம். அதைப் பிடித்து வைப்பதில் தேன் கெட்டி. தேனின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு ஃபிரக்டோஸ், காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையோ ஆறியதும் மறுபடி படிகமாகி பிஸ்கெட்டை இறுக்கிவிடும். 100 கிராம் சாமை மாவு, 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய் என்று எடுத்தால் 80 கிராம் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி தேனும் சரியாக இருக்கும். ஒரு முட்டை மாவைப் பிணைக்கும். வேண்டாதவர்கள் கெட்டித் தயிர் சேர்க்கலாம்.

சாமையில் குளூட்டன் கிடையாது. தனியாகச் சுட்டால் உதிரும் என்பதால்தான் கோதுமை துணை. அதோடு சாமை மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்ததை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் வாயில் நறநறக்கும். பொறுமை இல்லாதவர்களுக்குச் சாமை ஒத்துவராது என்றே சொல்வேன்.

சமையல் சோடா கால் தேக்கரண்டி போதும். அது சுமார் 1.2 கிராம். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் கிட்டத்தட்ட அந்தச் சோடா முழுவதையும் கரியமில வாயுவாக மாற்றப் போதுமானது. சோடா கூடினால் மிச்சம் சோப்பு ருசியாக நாக்கில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிறத்துக்காக ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்திருந்தால், சோடா மிஞ்சிய இடமெல்லாம் சிவப்பாகும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கிறார்களே, அதே வினைதான்.

தேன் இருப்பதால் பிஸ்கெட் சீக்கிரம் சிவக்கும். எனவே 180 டிகிரி வேண்டாம், 160 போதும். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, மேலே தட்டை வைத்துச் சுடலாம். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகாததுபோல் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கை நடுங்கி இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். தட்டின் சூட்டிலேயே நடுப்பகுதி வெந்துவிடும், ஆறும்போது தானாக இறுகும்.

நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஒரு துண்டு பிரெட்டும் போட்டு வையுங்கள். பிரெட்டின் ஈரம் பிஸ்கெட்டுக்குப் போகும், பிரெட் வறண்டுவிடும். தோல் சீவிய எலுமிச்சைகளை மட்டும் மறந்துவிடாதீர்கள். காப்பு போய்விட்டதால் விரைவில் காய்ந்துவிடும், அன்றைக்கே ஊறுகாய் போட்டுவிடுவது நல்லது.