பழைய வரைபடங்களும் நம் ஊர் நீர்வழிகளும்

தருமபுரியிலிருந்து மொரப்பூருக்கு நாள்தோறும் சென்று வருவோருள் பலர், அவ்வழியில் முன்னொரு காலத்தில் சிறிய ரயில் ஒன்று ஓடிற்று என்பதை அறியார். 1906ஆம் ஆண்டில் மொரப்பூரினின்று தருமபுரி வரை இரண்டரை அடி அகலத்தில் இருப்புப் பாதை போடப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்திற்குப் பின், வறண்ட தாலுகாக்களுக்குத் தானியம் விரைந்து வந்து சேர வேண்டுமென்று கருதி அமைக்கப்பட்ட பாதைகளுள் இதுவும் ஒன்று. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941இல் ரயில் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே அகல ரயில் பாதை அமைக்க 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய தடம் எவ்வழிச் சென்றது என்று அறிய விரும்புவோர் நிலத்தில் தேடி அலைவதைவிட, அக்காலத்து வரைபடத்தை விரித்துப் பார்ப்பதே எளிது.

ஒரு ரயில் பாதையே இரண்டு தலைமுறைக்குள் மக்களின் நினைவினின்று நழுவக்கூடுமாயின், ஏரிக்கு நீர் கொணரும் ஓர் ஓடை நழுவிப்போவதில் வியப்பில்லை. ரயிலுக்கு நிலையம் இருந்தது, மணி இருந்தது. ஓடைக்கோ ஆண்டில் சில நாட்களே வேலை. எஞ்சிய நாட்களில் அது வெறும் பள்ளம். பள்ளத்தை மேடாக்குவது எவருக்கும் குற்றமாகத் தோன்றுவதில்லை.

நம் மாவட்டத்தில் மேற்கே காவிரியும் கிழக்கே தென்பெண்ணையும் ஓடினும், இடைப்பட்ட பெரும்பரப்பில் பயிர்த்தொழில் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடந்து வருகின்றது. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். 2017ஆம் ஆண்டில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் உயிர்பெற்ற பின்னர்த் தமிழகத்தில் பல ஏரிகள் தூர் வாரப்பட்டன, கரைகள் உயர்த்தப்பட்டன, மதகுகள் செப்பனிடப்பட்டன. அப்படியிருந்தும், "மழை பெய்தது, ஏரி நிறையவில்லை" என்னும் முறையீடு ஊர்தோறும் கேட்கப்படுகின்றது. குறை பெரும்பாலும் ஏரியில் இல்லை; ஏரிக்கு மேலே, எவரும் சென்று பாராத வரத்துக் கால்வாயில் இருக்கின்றது. 200 ஹெக்டேர் மேட்டு நிலத்திலிருந்து ஒரு மழையில் 10 மில்லிமீட்டர் அளவு நீர் வழிந்தோடி வருமாயின், அது 2 கோடி லிட்டராகும். கால்வாய் ஓரிடத்தில் அடைபட்டால் இவ்வளவும் சாலையோரம் பாய்ந்து வேறெங்கோ போய்விடும். அந்தக் கால்வாய் எங்கே இருந்தது என்பதைச் சாட்சியத்தோடு காட்டக்கூடியது பழைய வரைபடம் ஒன்றே.

இத்தகைய சாட்சியம் நம்மிடம் மிகுதியாக இருப்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1792ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமஹால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீட் என்பவர் நிலங்களை ஒவ்வொன்றாக அளந்து வரி விதிக்க முற்பட்டார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களுள் ஒருவரே பிற்காலத்தில் சென்னை கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். ரயத்துவாரி முறை வேர்கொண்டது இம்மண்ணிலேதான். பின்னர் 1858ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில் நில அளவைக்கெனத் தனி இலாகா இயங்கலாயிற்று. சங்கிலி பிடித்துக் கல் நட்டு, ஒவ்வொரு கிராமத்திற்கும் எண்ணிட்ட படம் வரையும் வேலையை அது மேற்கொண்டது. இவையெல்லாம் நம் நன்மைக்காகவே செய்யப்பட்டன என்று எண்ண வேண்டாம். வரி வசூலே நோக்கம். ஆயினும் வரிக்காக அளந்தவன், வரி விதிக்க முடியாத ஏரி, ஓடை, பாதை, மந்தைவெளி ஆகியவற்றைப் புறம்போக்கு எனத் தனியே பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவ்வாறு பிரித்ததே இன்று நமக்குப் பயன் தருகின்றது.

இரு காலத்துப் படங்களை ஒப்பிடுவதென்றால் என்ன என்பதைப் பெரியதோர் உதாரணத்தால் முதலில் விளக்கலாம். பென்னாகரம் தாலுகாவின் தென்மேற்கு ஓரத்தை எடுத்துக்கொள்வோம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்கு முற்பட்ட படத்தில், காவிரி அங்கே ஒரு நதியாக வளைந்து செல்லும். அதன் இரு கரைகளிலும் ஊர்களும் வயல்களும் பாதைகளும் இருக்கும். அணைக்குப் பிற்பட்ட படத்தில் அவ்விடம் முழுவதும் நீர்ப்பரப்பு. நாகமரைக்கு எதிர்க்கரையில் உள்ள பண்ணவாடியருகே, நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரிவதை அப்பகுதியார் அனைவரும் கண்டிருப்பர். கண்ணுக்குத் தெரிவன அவ்விரண்டுதான். அவற்றைச் சுற்றியிருந்த ஊர் எத்தகையது, எந்தப் பாதை எங்கே சென்றது என்பதை அறியப் பழைய படத்தையே நாட வேண்டும்.

இவ்வளவு பெரிய மாற்றம் சிறிய படத்திலேயே விளங்கிவிடும். ஓடையின் கதை அவ்வாறன்று; அதற்குத் தக்க படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அவற்றில் ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கரைக் குறிக்கும். 100 ஏக்கர் ஏரி அதில் ஒரு விரல் நகத்தளவுதான் இருக்கும். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி '57 எல்' என்னும் எண்ணுள்ள தாள்களிலும், பென்னாகரம் '57 எச்' தாளிலும், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் '58 ஐ' தாளிலும் அடங்கும். எந்த மேட்டிலிருந்து எந்த ஏரிக்கு நீர் வந்தது, ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த எந்த ஏரிக்குச் சென்றது என்ற சங்கிலித் தொடரை அறிய இப்படங்களே சிறந்தவை. ஒரு பஞ்சாயத்தின் எல்லையோடு நீர் நிற்பதில்லையாதலால், இதனைப் பாராமல் கிராமப் படத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கதையைக் கேட்பது போலாகும்.

கிராமப் படம் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவுடையது. அதில் ஓர் அங்குலம் 330 அடி, அதாவது 5 சங்கிலி. ஒரு சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர். முன் சொன்ன 100 ஏக்கர் ஏரி இதில் 40 சதுர அங்குலம் பிடிக்கும். இருப்பினும் 20 அடி அகலமுள்ள கால்வாய் இப்படத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர்க் கோடாகவே காணப்படும். அந்தக் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து, "இத்தனை அடி ஆக்கிரமிப்பு" என்று கணக்கிடுவது வீண். மையின் தடிப்பே சில அடிகளாகிவிடும். பழைய தாள் சுருங்கியும் இருக்கும். அகலத்தை அறியச் சர்வே எண்வாரியாக வரையப்பட்ட புலப்படத்திற்குச் செல்ல வேண்டும். அதில் அளவுகள் எண்ணாலேயே எழுதப்பட்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய புலப்படத்தின் அளவுகள் லிங்க் கணக்கில் உள்ளவை. 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஆகவே ஒரு லிங்க் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது அளவுகள் மீட்டருக்கும் ஹெக்டேருக்கும் மாற்றப்பட்டன. பழைய படத்தில் 30 என்றும் புதிய படத்தில் 6 என்றும் கண்டவுடன், "24 அடி போயிற்றே!" என்று கூக்குரலிட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே அகலந்தான். ஆனால் 30 லிங்க் அகலமுள்ள கால்வாய் ஒரு கிலோமீட்டர் நீளம் செல்லுமாயின், அது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பொது நிலம் என்பதையும் மறக்கலாகாது. இரு புறமும் உழுவோர் பருவத்திற்கு அரையடி உள்ளே வந்தால் போதும். அது தீர்வதற்கு நீண்ட காலம் வேண்டியதில்லை.

படத்தை வாசிப்பதில் வேறு சில இடறல்களும் உள்ளன. ஓர் அங்குலப் படத்தில் நீரோட்டமுள்ள ஆறுகள் நீல நிறத்திலும், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகள் கறுப்பு நிறத்திலும் வரையப்பட்டிருக்கும். நம் பகுதி ஓடைகளில் பெரும்பாலன கறுப்புக் கோடுகளே. நீலத்தை மட்டும் தேடுபவர், தாம் தேடி வந்ததையே தவறவிடுவார். படம் அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்; இரண்டும் தாளின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். 1941க்குப் பின் அச்சான தாளிலும் முன்னர் அளந்த ரயில் பாதை இருக்கக்கூடும்.

சர்வே எண் மாறியிருப்பது இவற்றினும் பெரிய தொல்லை. பழைய சேலம் ஜில்லாவில் பல கிராமங்கள் மிட்டாதாரர்கள் வசம் இருந்தன. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவற்றை அரசாங்கம் ஏற்று, ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. இக்கிராமங்களில் முன்னோர் பத்திரங்களில் உள்ள எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பு தெரிய, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்புநோக்குப் பதிவேட்டைக் கேட்டுப் பெற வேண்டும். அது கிடைக்காத இடத்தில் படத்தின் வடிவத்தைக் கொண்டே இனம் காணலாம். ஏரிக்கரையின் வளைவும், மூன்று கிராம எல்லைகள் கூடுமிடத்தில் நட்ட கல்லும் எளிதில் மாறுவன அல்ல.

படத்தோடு 'அ' பதிவேட்டையும் சேர்த்துப் படிப்பது அவசியம். ஒரு சர்வே எண் நன்செய் என்றும், அதற்கு நீராதாரம் இன்ன ஏரி என்றும் பழைய பதிவேட்டில் இருக்க, அந்நிலம் இன்று மானாவாரிக் கேழ்வரகோ நிலக்கடலையோ விளையும் கொல்லையாக இருக்குமாயின், இடைக்காலத்தில் நீர் அங்கு வருவது நின்றுவிட்டது என்று பொருள். அத்தகைய எண்களைக் கிராமப் படத்தில் பென்சிலால் நிறமிட்டுப் பார்த்தால், நீர் எந்த இடத்தில் அறுந்தது என்பது தானே புலப்படத் தொடங்கும். பிறகு ஊர்ப் பெரியவர்களை உடன் அழைத்துக்கொண்டு நடக்க வேண்டும். படத்தில் இல்லாத பல செய்திகள் அவர்களிடம் உண்டு. மேடாகக் கிடக்கும் நிலத்தை அவர்கள் 'ஓடைக்கொல்லை' என்று அழைப்பார்களாயின், அப்பெயர் வீணாக வந்திராது.

ஒப்பிட்டுப் பார்த்த பின் என்ன செய்வது என்பதில்தான் நிதானம் வேண்டும். பழைய படத்தில் மேய்ச்சல் புறம்போக்கு, புதிய படத்தில் பட்டா என்றால், உடனே அதைக் களவு என்று கருதிவிடலாகாது. நிலமற்றோருக்கு அரசாங்கமே முறைப்படி ஒப்படை செய்திருக்கலாம். பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அதன் உத்தரவு எண் இருக்கும். நீர்வழியின் நிலை வேறு. ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டில் தமிழகத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால் இச்சட்டத்தை எண்ணுமுன், பஞ்சாயத்தார் தம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வது நலம். ஏரி உள்வாயில் எழுப்பிய சமுதாயக் கூடமும், கால்வாயை மூடிப் போட்ட சிமெண்டுச் சாலையும் பொதுப் பணத்தில் ஆனவையே. ஓடைக்கரையில் குடிசை போட்ட ஏழையின் பெயரை மட்டும் கிராம சபையில் வாசித்துவிட்டு, இவற்றைப் பேசாமல் விடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. பகைமை தீர்த்துக்கொள்ளும் கருவியாகப் படம் பயன்பட்டால், அடுத்த முறை அதை எவரும் நம்பமாட்டார்.

கிராமப் படம் கிராம நிர்வாக அலுவலரிடமும், புலப்படம் தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவிலும் பார்க்கக் கிடைக்கும். இன்றைய புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் அரசின் இணையச் சேவை வழியாகவும் காணலாம். பழைய பதிப்புகளுக்குச் சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள நில அளவை மைய அலுவலகத்தையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியன் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருப்பதால், விண்ணப்பம் எழுதுமுன் நம் ஏரி எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

நடந்து பார்ப்பதற்கு ஏற்ற காலம் ஒன்றுக்கு இரண்டு. அறுவடை முடிந்து கொல்லைகள் வெறுமையாய்க் கிடக்கும் கோடையில் ஒரு முறை, படத்தின் பிரதியைக் கையில் கொண்டு கரை முதல் மேடு வரை செல்லலாம். இரண்டாம் முறை, புரட்டாசியிலோ ஐப்பசியிலோ நல்ல மழை பெய்த மறுநாள் காலை, அதே வழியில் போக வேண்டும். எந்த வரப்பு உடைந்திருக்கின்றது, எந்தக் கொல்லையில் வண்டல் படிந்திருக்கின்றது, சாலையின் எந்த ஓரத்தில் நீர் தேங்கி நிற்கின்றது என்பவற்றை அன்றே பிரதியில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் சென்றால் வெயில் எல்லாவற்றையும் காயவைத்துவிடும்.