கையெழுத்துப் போடுமுன் கணக்கைக் கேளுங்கள்
(நமது மும்பை நிருபர்)

தாதருக்கும் பரேலுக்கும் நடுவே ஒரு பழைய சால். நான்கு தளங்கள். தேய்ந்துபோன மரப்படி. தளத்துக்குப் பதினைந்து கோலி. மொத்தம் 60 குடும்பங்கள்.

அண்மையில் அதன் வாசலில் ஒரு பெரிய படத்தை மாட்டினார்கள். இருபது மாடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கட்டடம். கீழே கடைகள், நடுவில் ஆபீசுகள், மேலே வீடுகள். "இதுதான் உங்கள் புது வீடு" என்று பில்டரின் ஆட்கள் சொன்னார்கள். கூடவே ஒரு சம்மதப் பத்திரமும் வந்தது.

அங்கே 40 ஆண்டுகளாகக் குடியிருக்கும் நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

"தம்பி, நீ ரயில்வே ஆபீசிலே பேப்பர் பார்க்கிறவன். 300 சதுர அடி வீடு சும்மா கிடைக்குதாம். கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அவர் சொன்ன அந்தச் "சும்மா" என்ற சொல் உண்மைதானா? அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எப்.எஸ்.ஐ. என்பது என்ன?

மும்பையில் ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை எப்.எஸ்.ஐ. என்ற எண் தீர்மானிக்கிறது. எல்லா மாடிகளின் தரைப் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வருவதே இந்த எண்.

1991-ம் ஆண்டு விதிகளில், தீவு நகரமான தெற்கு, மத்திய மும்பைக்கு இது 1.33 என்றும், புறநகருக்கு 1 என்றும் வைத்தார்கள். அதாவது, மத்திய மும்பையில் 10,000 சதுர அடி மனை இருந்தால் 13,300 சதுர அடி கட்டலாம். மனையில் கால் பாகத்தில் மட்டும் கட்டினாலும் ஐந்து மாடிக்குச் சற்று மேலே போனதும் கணக்கு தீர்ந்துவிடும்.

அப்படியானால் இருபது மாடி எங்கிருந்து வருகிறது?

மாடி வளரும் வழிகள்

2018-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இதற்குப் பல வழிகளைத் திறந்துவிட்டன.

முதலில் மண்டலம். மனை இருப்பது குடியிருப்பு மண்டலமா, வணிக மண்டலமா என்பதைப் பொறுத்தே கடை, ஆபீஸ், வீடு ஆகியவற்றில் எதை எவ்வளவு வைக்கலாம் என்பது முடிவாகும்.

அடுத்தது சாலை. 9 மீட்டருக்குக் குறைந்த சந்தில் 1.33-க்கு மேல் இல்லை. 27 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையில் 3 வரை போகலாம். வணிகக் கட்டடமாக இருந்தால் 5 வரையிலும் உண்டு. ஆனால் கூடுதல் பரப்பு இலவசம் அல்ல. அரசுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். அல்லது சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் கொடுத்தவர்களிடமிருந்து 'டி.டி.ஆர்.' என்ற கட்டட உரிமையை விலைக்கு வாங்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் நம்மவர்களுக்கு முக்கியம். அது, பழைய குடித்தனக்காரர்களுக்கு வீடு கொடுப்பது.

60 குடும்பங்களின் விலை

வரி செலுத்தும் பழைய வாடகைக் கட்டடங்களுக்கு 33(7) என்ற விதி உண்டு. அதன்படி எப்.எஸ்.ஐ. 3 கிடைக்கும், அல்லது குடித்தனக்காரர்களுக்குத் தேவையான பரப்பும், அதில் பாதியும் கிடைக்கும். இரண்டில் எது அதிகமோ அது.

பெரியவரின் சாலையே எடுத்துக்கொள்வோம். மனை 10,000 சதுர அடி என்று வையுங்கள். சுவர், நடை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 400 சதுர அடி என்றால், 60 குடும்பங்களுக்கு 24,000. அதில் பாதி 12,000. ஆக மொத்தம் 36,000 சதுர அடி. இதற்கு மேல் 'பஞ்சிபிள்' என்ற பெயரில் நூற்றுக்கு 35 பங்கு கூடுதலாகக் கட்டலாம். அதையும் சேர்த்தால் 48,600. கார் நிறுத்தும் தளங்கள் இந்தக் கணக்கில் சேராது.

சந்துக்குள் இருக்கும் வெறும் மனையில் 13,300. அதே மனையில் 60 குடும்பங்கள் இருந்தால், பஞ்சிபிள் சேர்க்காமலேயே 36,000. பில்டர் கடையாகவும் ஆபீசாகவும் வீடாகவும் விற்கப்போகும் பரப்பு முழுவதும் இந்தக் குடும்பங்களை வைத்து வந்தது. ஆகவே 300 சதுர அடி வீடு தர்மம் அல்ல, சும்மாவும் அல்ல.

1996 ஜூன் 13-க்குப் பிறகு உண்டாக்கப்பட்ட வாடகை உரிமை செல்லாது என்று விதி சொல்வதும் இதனால்தான். ஆளைச் சேர்த்தால் பரப்பு கூடும் அல்லவா? பழைய வாடகை ரசீதைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிட்டவர்கள் உடனே தேடி எடுத்து வைப்பது நல்லது.

தாராவிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குத் தனித் திட்டம், தனி விதி. அங்கே 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருக்கும் தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி என்று அறிவித்திருக்கிறார்கள்.

விதியில் எண்ணாத தலைகள்

எப்.எஸ்.ஐ. தரையைத்தான் அளக்கிறது, அந்தத் தரையில் நடக்கும் மனிதர்களை அல்ல.

பரேல் பகுதியில் மில்கள் இருந்த இடத்தில் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பின. ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். நிலையத்தின் பாலமோ பழைய குறுகிய பாலம்தான். 2017 செப்டம்பர் 29 அன்று காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் பாலத்தில் நெரிந்து 23 உயிர்கள் போயின. பின்னர் அந்த நிலையத்துக்குப் பிரபாதேவி என்று பெயர் மாறியது.

கட்டட அனுமதி கொடுப்பது ஒரு அலுவலகம். பாலம் கட்டுவது வேறொரு அலுவலகம். ஒரு கோபுரம் வரும்போது தண்ணீர், சாக்கடை, நிலையப் படிக்கட்டு ஆகியவற்றின் நிலை என்ன என்று கேட்பதற்கும் அங்கே வாழப்போகிறவர்களுக்கு உரிமை உண்டு.

என்ன கேட்க வேண்டும்?

சம்மதப் பத்திரத்தில் "திரும்பப் பெற இயலாத சம்மதம்" என்று இருக்கும். விதியே அப்படித்தான் கேட்கிறது. முன்பு நூற்றுக்கு 70 பேரின் சம்மதம் தேவைப்பட்டது. பின்னர் அது 51 ஆகக் குறைக்கப்பட்டது. போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது. எனவே கேட்பதையெல்லாம் முன்னால் கேட்க வேண்டும்.

300 சதுர அடி என்பது கார்ப்பெட் ஏரியாவா? அதாவது சுவருக்கு உள்ளே காலால் நடக்கும் தரையா?

நம் வீடுகள் எந்தப் பக்கம், எந்த மாடி? விற்பனைக் கட்டடத்திலிருந்து பிரித்து மூலையில் நெருக்கி வைத்திருக்கிறார்களா? காற்றும் வெளிச்சமும் வருமா?

கீழே இட்லிக் கடையோ தையல் கடையோ வைத்திருப்பவருக்கு, இருக்கும் அளவுக்குக் கடை உண்டா?

கட்டி முடியும்வரை எங்கே தங்குவது? வாடகைப் பணம் எத்தனை மாதத்துக்கு, எந்தப் பொறுப்பில்?

லிப்டுக்கும் பம்புக்கும் மாதா மாதம் எவ்வளவு? அதை யார் கட்டுவது?

மனையின் மண்டலம், சாலை அகலம் ஆகியவற்றை மாநகராட்சியில் கட்டணம் செலுத்தி எழுத்தில் பெறலாம். தகுதியுள்ள குடித்தனக்காரர்களின் பட்டியல் மாடா வாரியத்தில் சரிபார்க்கப்படுகிறது. உங்கள் பெயர் அதில் சரியாக இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். பேசாமல் கேட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மாடிப்படிகிட்ட கூட்டுறேன். நீ வந்து இந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றார்.

ஒருவர் கேட்டால் பில்டர் சிரித்துவிட்டுப் போவார். 60 குடும்பங்களும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.