கடலில் பிறந்த குறைமாதக் குழந்தை: நியூவெல் குடும்பத்தின் இழப்பும் மீட்சியும்

அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் மிஷனரிக் குழுவின் வரலாறு, அக்குழுவில் இருந்த ஆண்கள் கற்ற மொழிகளையும் மொழிபெயர்த்த நூல்களையும் நிறுவிய சபைகளையும் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வரலாற்றின் முதல் ஆண்டான 1812இல், வங்கக் கடலிலிருந்து மொரீஷியஸ் தீவை நோக்கிச் சென்ற ஒரு கப்பலின் அறையில் நிகழ்ந்த குறைமாதப் பிரசவமும், அதில் பிறந்த பெண் குழந்தையின் மரணமும், இரண்டு மாதத்திற்குள் தாயும் மறைந்துபோனதும், எஞ்சிய கணவர் தம்மைத் தேற்றிக்கொண்டு வேறொரு நாட்டில் பணியைத் தொடங்கியதும் அவ்வரலாற்று நூல்களில் தியாகத்தின் சான்றாக ஓரிரு பத்திகளில் கடந்துபோகின்றன. ஹேரியட் நியூவெல், சாமுவேல் நியூவெல் என்னும் அத்தம்பதியரின் வாழ்வை இன்றைய மருத்துவ அறிவோடு மீண்டும் படிப்பது அவசியமாகிறது. ஏனெனில் அத்தாய்க்கும் சேய்க்கும் அன்று கிடைக்காமற்போனவற்றுள் முதன்மையானவை உலர்ந்த ஓர் அறையும் காய்ந்த துணியும் கைகொடுக்க அனுபவமுள்ள ஒரு பெண்ணுமே ஆகும்.

ஹேரியட் 1793ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹேவரில் என்னும் ஊரில் பிறந்து, பிராட்ஃபோர்ட் பள்ளியில் பயின்று, தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். அயல்நாட்டு மிஷன் பணிக்காக 1810இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆணையர் சபை, யாழ்ப்பாணத்தார் பிற்காலத்தில் அமெரிக்க மிஷன் என்று சுருக்கமாக அழைத்த அமைப்பு, தேர்ந்தெடுத்த முதல் ஐவரில் ஒருவரான சாமுவேல் நியூவெலை அவர் 1812 பிப்ரவரி 9ஆம் நாள் மணந்தார். பத்து நாள் கழித்து, மாசசூசெட்ஸில் உள்ள சேலம் துறைமுகத்திலிருந்து, ஆடோனிராம் ஜட்சன், ஆன் ஜட்சன் தம்பதியருடன் ‘காரவன்’ என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டனர். மணமகளுக்கு அப்போது வயது பதினெட்டு.

ஜூன் மாதம் அவர்கள் கல்கத்தாவை அடைந்தபோது, அங்கே ஆட்சி செய்த கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிட மறுத்தது. மதத்தில் கைவைப்பது படைவீரர்களைக் கொந்தளிக்கச் செய்யும் என்ற அச்சம், 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் கம்பெனியின் அதிகாரிகள் பலரிடம் வேரூன்றியிருந்தது. அத்துடன் அதே ஜூன் மாதத்தில் அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்திருந்ததால், வந்தவர்கள் பகைநாட்டுக் குடிமக்களாகவும் ஆகிவிட்டனர். செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரியின் குழுவினர் காட்டிய விருந்தோம்பல் சில வாரங்களுக்கு மேல் உதவவில்லை. கம்பெனியின் அதிகாரத்துக்கு உட்படாததும், 1810இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷ் படை கைப்பற்றியதுமான மொரீஷியஸ் தீவுக்குச் செல்லும் ஒரு சிறு கப்பலில் இரண்டே பயணிகளுக்கு இடம் இருந்தது. ஹேரியட்டின் நிலையைக் கருதி, நியூவெல் தம்பதியர் முதலில் செல்வதென்று முடிவாயிற்று. ஆகஸ்டு தொடக்கத்தில் அக்கப்பலில் ஏறியபோது அவர் ஆறாம் மாதத்தை எட்டிக்கொண்டிருந்த கர்ப்பிணி.

காற்று எதிர்த்தது, கப்பல் ஒழுகியது, கோதாவரியின் முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கோரங்கித் துறைமுகத்தில் ஒதுங்கிப் பழுதுபார்த்துக்கொண்டு மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று. அங்கே ஹேரியட் நோயுற்று, முழுமையாகத் தேறாமலேயே பயணத்தைத் தொடர்ந்தார். அக்டோபர் முற்பகுதியில், கரை கண்ணுக்கெட்டாத தொலைவில், மருத்துவரோ தாதியோ உறவுப் பெண்ணோ இல்லாத கப்பல் அறையில், கணவர் ஒருவரே துணையிருக்க அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். குழந்தை நலமாகவே தோன்றியது. ஆனால் சில நாளில் புயலும் மழையும் சேர்ந்து அடித்தபோது அறையில் ஈரம் புகுந்து, குழந்தையைக் குளிர் தாக்கியது; பிறந்த ஐந்தாம் நாள் தாயின் கைகளிலேயே அது இறந்தது. அதைக் கடலில்தான் அடக்கம் செய்ய முடிந்தது.

திருமண நாளைக் கொண்டு கணக்கிட்டால், அக்குழந்தை பிறந்தபோது கர்ப்பம் 37 வாரத்தை நிறைவு செய்திருக்க வாய்ப்பில்லை. கர்ப்பக் காலத்தை மருத்துவம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறது. அவ்வாறு எண்ணி 37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தையை உலகச் சுகாதார நிறுவனம் குறைமாதக் குழந்தை என்று வரையறுக்கிறது. 34 முதல் 36 வாரம்வரை பிறப்பவை இவற்றுள் தனி வகையாகக் கருதப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இவை நிறைமாதக் குழந்தைகளைப் போலவே தோன்றும், அழும், பால் குடிக்க முயலும்; அதனாலேயே இவற்றின் பலவீனம் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். குழந்தை நலமாகப் பிறந்தது என்று பெற்றோர் நம்பியதும், அதே குழந்தை ஒரு புயல் நாளைத் தாங்க முடியாமற்போனதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பச்சிளங்குழந்தை உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் முறை பெரியவர்களின் முறையிலிருந்து வேறுபட்டது. குளிரில் பெரியவர்கள் நடுங்குவதுபோல அதனால் நடுங்க முடியாது. கழுத்துக்கும் தோள்களுக்கும் அருகே சேர்ந்திருக்கும் பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைக் கொழுப்பை எரித்தே அது வெப்பத்தை உண்டாக்குகிறது. அக்கொழுப்பு பெருமளவு சேர்வது கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் என்பதால், முன்கூட்டிப் பிறக்கும் குழந்தை அந்த இருப்புக் குறைந்த நிலையிலேயே உலகுக்கு வருகிறது. மேலும், சிறு கிண்ணத்துப் பால் பெரிய குண்டான் பாலைவிட விரைவில் ஆறிப்போவதைப்போல, எடை குறைந்த உடல் தன் மேற்பரப்பின் வழியே சூட்டை வேகமாக இழக்கிறது. ஈரத் துணி சுற்றியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். உடல் குளிர்ந்ததும் ஆக்சிஜன் தேவை அதிகரிக்கும், இரத்தத்தில் சர்க்கரை குறையும், உறிஞ்சும் வலு தளரும். பால் உள்ளே போகாதபோது சூட்டை உண்டாக்குவதற்கான எரிபொருளும் தீர்ந்துவிடும். இந்தச் சுழல் ஒரே நாளில் முடிந்துவிடக்கூடியது.

இதைத் தடுப்பதற்குப் பெரிய கருவி எதுவும் முதலில் தேவைப்படுவதில்லை. பாரிஸில் ஸ்டெஃபான் தார்னியே 1880களில் அறிமுகப்படுத்திய வெப்பப்பெட்டி, அதாவது இன்குபேட்டர், பல உயிர்களைக் காத்தது உண்மையே. ஆனால் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர்கள் இல்லாத மகப்பேறு மருத்துவமனையொன்றில், எட்கர் ரே என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படுமாறு அணைத்து வைத்துத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய்மைப் பராமரிப்பு என்று இன்று அழைக்கப்படும் அம்முறையைப் பிறந்த உடனேயே தொடங்குவதால் எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்பதை, டெல்லி மருத்துவமனை ஒன்றும் பங்கேற்று 2021இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு நிறுவியது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. தந்தையும் பாட்டியும்கூட இவ்வாறு அணைத்து வைத்திருக்கலாம்.

குழந்தையை இழந்த ஹேரியட்டுக்குத் தேறுவதற்கான காலமே கிடைக்கவில்லை. பிரசவத்தின் களைப்பும் புயலில் நனைந்த குளிரும் சேர, சயரோகம், அதாவது நுரையீரலைத் தாக்கும் காசநோய், வெளிப்பட்டது. அந்நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்தது 1882இல்தான். அதை வெல்லும் மருந்து வந்தது 1940களில். நவம்பர் தொடக்கத்தில் கப்பல் போர்ட் லூயிஸைச் சேர்ந்து, மருத்துவர்கள் பார்த்தும் பயனின்றி, 1812 நவம்பர் 30ஆம் நாள் பத்தொன்பது வயதில் அவர் இறந்தார். ஊரைவிட்டு வந்ததற்காகத் தாம் வருந்தவில்லை என்று வீட்டாருக்குத் தெரிவிக்கச் சொன்னதாக, சாமுவேல் டிசம்பரில் தம் மாமியாருக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. பேத்தி பிறந்த செய்தியும் இறந்த செய்தியும் மகளை இழந்த செய்தியும் அந்தத் தாய்க்கு ஒரே கடிதத்தில் போய்ச் சேர்ந்தன.

தம்மோடு துக்கம் பகிர ஒருவரும் இல்லாத தீவில், இருபத்தெட்டு வயதுச் சாமுவேல் தனியே நின்றார். 1813 ஜனவரி 17ஆம் நாள் ஜட்சன் தம்பதியர் வந்து சேர்ந்தபோதுதான் அவரை அறிந்த முகங்கள் அவருக்குக் கிடைத்தன. அந்தச் சந்திப்பும் நீடிக்கவில்லை. சாமுவேல் இலங்கைக்குப் புறப்பட, ஜட்சன் தம்பதியர் சென்னை வழியாகப் பர்மாவுக்குச் சென்றனர். அந்தக் கடற்பயணத்தில் ஆன் ஜட்சனின் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ஓராண்டுக்குள், ஒரே கப்பலில் புறப்பட்ட இரண்டு குடும்பங்களின் முதல் குழந்தைகளும் கடலிலேயே போயின. இதைத் தற்செயல் என்று கொள்வது கடினம். தங்கவிடாமல் கர்ப்பிணிகளைத் துறைமுகத்திற்குத் துறைமுகம் துரத்திய கம்பெனி ஆணையின் விளைவு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. கம்பெனியின் உரிமப் பட்டயத்தை 1813இல் புதுப்பித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மிஷனரிகள் உரிமம் பெற்று நுழைய வழிவகுத்தது என்பதை நினைக்கும்போது, காலத்தின் ஒரு சிறு இடைவெளி எவ்வளவு விலை கேட்டது என்பது மனத்தை வருத்துகிறது.

இலங்கை கம்பெனியின் கையில் இல்லாமல், 1802 முதல் நேரடியாக அரசரின் குடியேற்றமாக இருந்தது; ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் மிஷனரிகளை ஆதரித்தார். கொழும்பில் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்துகொண்டு பல மாதங்கள் தங்கிய சாமுவேல், அத்தீவு மிஷன் பணிக்கு ஏற்ற களம் என்று தம் சபைக்கு எழுதினார். 1814இல் பம்பாய்க்குச் சென்று தம் தோழர் கார்டன் ஹாலுடன் இணைந்தார். அவரது மீட்சி உடனே நிகழ்ந்ததன்று. தனிமையில் ஒரு தீவு, அரைத் துணையோடு இன்னொரு தீவு, பின்பே தோழர்களோடு ஒரு நிலையான இருப்பிடம் என்று படிப்படியாக வந்தது. 1818இல் அவர் மறுமணம் செய்துகொண்டார். 1821இல் காலராவுக்குப் பலியானார்.

அவர் பரிந்துரைத்த இலங்கைக்கு 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து, யாழ்ப்பாணப் பகுதியின் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் எழுந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும் சங்க நூல்களை அச்சேற்றியவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணவர். அதே மிஷனின் மருத்துவராக 1847இல் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்ததோடு, பிரசவ மருத்துவ நூலொன்றையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஹேரியட் இறந்து ஒரு தலைமுறைக்குப் பின், அவருக்கு அந்தக் கப்பலில் கிடைக்காத அறிவு தமிழ் எழுத்தில் யாழ்ப்பாணத்து மாணவர்களின் கைக்கு வந்தது.

அமெரிக்காவில் ஹேரியட்டின் நாட்குறிப்பும் கடிதங்களும் 1814இல் நூலாகிப் பலமுறை அச்சாயின. அவர் அமெரிக்க மிஷனின் முதல் தியாகி என்று போற்றப்பட்டார். எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு அவர் பெயர் இடப்பட்டது. அவரது உறுதியை மதிப்பதில் தவறேதுமில்லை. ஆயினும் அந்தப் புகழ்ச்சி, ஒருவேளை தவிர்த்திருக்கக்கூடிய இரு மரணங்களைத் தவிர்க்க முடியாதவைபோல் ஆக்கிவிட்டது.

தமிழ்நாட்டுத் திருச்சபைகளும் நீண்டகாலமாகக் குடும்பங்களைத் தொலைவுக்கு அனுப்பிவருகின்றன. திருநெல்வேலியில் 1903இல் தோன்றிய இந்திய மிஷனரிச் சங்கம் தெலுங்கு நாட்டுக்கு ஆளனுப்பியது முதல் இன்று வட மாநிலங்களின் மலைக்கிராமங்களில் வாழும் தம்பதியர்வரை அந்த மரபு தொடர்கிறது. உலகில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று குறைமாதத்தில் பிறக்கிறது. அக்குடும்பங்களுக்கும் இது நேரும். அனுப்புகிற சபை, கர்ப்பம் தெரிந்தவுடனேயே பச்சிளங்குழந்தைச் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை எங்கே என்பதை உறுதிசெய்து, ஏழாம் மாதத்திற்கு முன்பே தாயை அதன் அருகே தங்கவைத்து, ஊரிலிருந்து அம்மாவையோ அக்காவையோ வரவழைக்கும் செலவையும் ஏற்க வேண்டும். 34 வாரத்திற்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு நான்கு வாரத்திற்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும்; வளர்ச்சியை அளக்கும்போது, பிறந்த நாளை விட்டு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதை எண்ண வேண்டும்; தடுப்பூசியைப் பிறந்த நாளிலிருந்தே கணக்கிட்டுப் போட வேண்டும். இவை முடியும்வரை அக்குடும்பத்தைப் பணித்தலத்துக்குத் திரும்புமாறு யாரும் வற்புறுத்தக் கூடாது. திரும்ப முடியாமற்போனால், ஊதியம் நிற்காமல் வேறு பணியை ஊரருகே கொடுப்பது அனுப்பியவர்களின் கடமை.