சறுக்கு மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஊஞ்சலுக்குக் கீழே கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகளின் கால் உரசி உரசி அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். கம்பங்களைச் சுற்றி மண் அரித்து, அடியில் போட்ட கான்கிரீட் வெளியே தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்த பூங்காக்களிலும் இந்தக் காட்சி உண்டு. பூங்காவில் பாதுகாப்பு என்றதும் நாம் கேமராவையும் வாட்ச்மேனையும் கேட்கிறோம். தரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

விழுந்தால் தாங்குமா?

அமெரிக்காவில் விளையாட்டுத் திடல்களில் அடிபட்டு ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் சிறுவர் சிறுமியர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலான காயங்களுக்குக் காரணம், விழுவது. அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981 முதல் இதற்கென ஒரு கையேட்டை வெளியிட்டுவருகிறது. கட்டாந்தரையையும் புல்தரையையும் அது பாதுகாப்பான பரப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. மிதிபட மிதிபட இரண்டும் இறுகிவிடும் என்பதே காரணம்.

நாம் பெரிதும் நம்பும் மணலுக்கும் எல்லை உண்டு. 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால், ஏறத்தாழ 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழத்தில் மரச் சீவல்கள் 10 அடி வரை தாங்கும். ஆகவே, ஆளுயரச் சறுக்கு மரத்தின் கீழே ஒரு லோடு மணலைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. மணலை அடிக்கடி கிளறிவிட வேண்டும். சிமென்ட் தரைமேல் ஒட்டிய மெல்லிய ரப்பரோ, பார்வைக்கு மட்டும்தான் மெத்தை.

இடைவெளியும் வெயிலும்

ஊஞ்சல் தொங்கும் கம்பி 8 அடி உயரத்தில் இருந்தால், முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி வெற்றிடம் வேண்டும் என்கிறது அதே கையேடு. நம் ஊரில் ஊஞ்சலுக்கு எதிரே நடைபாதை ஓடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தடுப்புக் கம்பிகளின் இடைவெளி 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டிருந்தால் ஆபத்து: சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

தகரச் சறுக்கு மரம் கோடை வெயிலில் தோலைச் சுட்டுவிடும். ஏற்றிவிடுமுன் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு புங்கையோ வேம்போ நட்டால் சில ஆண்டுகளில் நிழல் கிடைக்கும்.

அன்பினால் நாம் செய்யும் ஒரு தவறும் உண்டு. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்குவார்கள். குழந்தையின் செருப்போ காலோ பக்கவாட்டில் சிக்கினால், பெரியவரின் எடையும் சேர்ந்து அந்தக் காலை முறுக்கி எலும்பை முறித்துவிடும். தனியாகச் சறுக்கும் வயது வரட்டும். துப்பட்டாவையும் கழுத்துக் கயிற்றையும் கழற்றிவிட்டு விளையாட விடுங்கள்.

கண் எட்டும் தூரம்

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காவின் வாசலில் யாரை, எதை உள்ளே விடுகிறோம் என்பதும் பாதுகாப்பில் அடங்கும். விளையாட்டுக் கருவிகளுக்கு முதுகைக் காட்டும் பெஞ்சைத் திருப்பிப் போடுவதும், ஆளை மறைக்கும் புதரை இடுப்பளவுக்கு வெட்டுவதும் பெரிய செலவில்லாத வேலைகள். மாலையில் விளக்கு எரிந்தால் தாய்மாரும் தாத்தா பாட்டிகளும் வந்து உட்காருவார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வம்பு செய்ய எவரும் தயங்குவார்கள்.

யாரிடம் சொல்வது?

சென்னையில் 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் தரலாம். மற்ற ஊர்களில் வார்டு கவுன்சிலரையும் நகராட்சி அலுவலகத்தையும் அணுகலாம். தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று, பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின. பூங்காப் பிரச்சினையை எழுப்ப அதுவும் ஏற்ற இடம். குழந்தைக்கு யாராலாவது தொல்லை என்றால் அழைக்க வேண்டிய எண் 1098.

“பூங்கா சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். அடுத்த முறை பிள்ளையோடு போகும்போது ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். மணல் எத்தனை அங்குலம், கம்பி இடைவெளி எவ்வளவு என்று அளந்து, போட்டோவுடன் எழுதிக் கொடுங்கள்.