முடித்தவரே வென்றவர்

குதிரைப் பந்தயம் என்றதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேகமும், அதன்மேல் கட்டப்படும் பணமுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. நெடுந்தூரச் சவாரி என்பது முற்றிலும் வேறான ஒரு கலை. இதில் புதிதாக இறங்குவோர் முதலில் கற்க வேண்டியது கடிகாரத்தைப் பயன்படுத்தும் முறையேயாகும்.

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வெண்டெல் ராபி என்பவர் சில தோழர்களுடன் சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டி, ஆபர்ன் நகர் வரை 100 மைல் தூரத்தை ஒரே நாளில் குதிரைமீது கடந்து காட்டினார். டெவிஸ் கோப்பைச் சவாரி அவ்வாறு தோன்றியதே. 24 மணி நேரத்திற்குள், மேலும் செல்லத் தகுதியுள்ள குதிரையுடன் வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் அங்கே வெள்ளிப் பக்கிள் பரிசாகக் கிடைக்கிறது. 1972-இல் அமைந்த அமெரிக்க நெடுந்தூரச் சவாரிச் சங்கமும், சவாரியை முடிப்பதே வெற்றி என்னும் கொள்கையை உடையது.

இச்சங்கத்தின் விதிப்படி 50 மைலுக்கு 12 மணி நேரமும், தொடக்கநிலையினர்க்கு ஏற்ற 25 மைலுக்கு 6 மணி நேரமும் எல்லையாகும். இடையே கட்டாயமாகத் தங்கும் நேரமும் இக்கணக்கிலேயே அடங்கும். புதியவர் பலர் இதை மறந்துவிடுகின்றனர். இரயில் வண்டியின் கால அட்டவணையில் நிலையங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தன்றோ கணக்கிடுகிறோம்!

தங்கல் ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், 25 மைலுக்கு எஞ்சுவது 5 மணி நேரம். குதிரையின் சாதாரண நடை மணிக்கு ஏறத்தாழ 4 மைல். நடை மட்டுமே போதாது. மிதமான ஓட்டமோ மணிக்கு 8 மைல். சமவெளியில் 15 மைலை ஓட்டத்திலும், மேடுபள்ளங்களில் 10 மைலை நடையிலும் கடந்தால் 4 மணி 22 நிமிடத்தில் வழி முடிந்துவிடும். நீர் காட்டவும், வழி தவறினால் திரும்பவும் அரை மணிக்கு மேல் கையிருப்பு உண்டு. நாலுகால் பாய்ச்சலுக்கு இங்கே தேவையே இல்லை.

புறப்படும் வேளையில் குதிரைகள் ஒன்றையொன்று பார்த்து வெறி கொள்ளும். முன்னோடிகள் போகட்டும் என்று விட்டுப் பின்னால் கிளம்புவதே அறிவுடைமை. முதல் மணி நேரத்தில் வீணாக்கிய வலிமை பின்னர்த் திரும்பி வாராது.

இறுதியில் விரட்டுவதாலும் பயனில்லை. 25 மைல் சவாரியில், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கணக்கு முடிவதில்லை. குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60-க்கு இறங்கும்போதுதான் நேரம் குறிக்கப்படுகிறது. அதுவும் வந்த 30 நிமிடங்களுக்குள் இறங்க வேண்டும். இளைப்பாறியிருக்கும் குதிரையின் துடிப்பு பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் இடைப்பட்டது. விரட்டி வந்தவர் குதிரை தணியக் காத்து நிற்பார். கடைசி மைலில் இறங்கி உடன் நடந்து வந்தவரோ விரைவில் தேறிவிடுவார். பின்னரும் கால்நடை மருத்துவர் குதிரையை ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று பார்த்து, வயிற்றொலியையும் உடலின் நீர்வற்றலையும் சோதித்தே தேர்ச்சி வழங்குவார்.

குதிரை வியர்வையோடு உப்பையும் மிகுதியாக இழக்கும். அதனால் உடல் வறண்டும் தாகம் தோன்றாமல் போவதுண்டு. ஆகவே வழியிலுள்ள ஒவ்வொரு நீர்நிலையிலும் நின்று, அதற்குக் குடிக்க வாய்ப்பளிக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாளில் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின்கீழ் நெடுந்தூரச் சவாரிகள் நடைபெறுகின்றன. நம் இல்லத்து இளைஞர் எவரேனும் இதில் நாட்டங்கொண்டால், ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஏவினால் உயிர் போகும்வரை ஓடக்கூடியது அந்த வாயில்லா ஜீவன். போதும் என்று அது சொல்லாது. மேலிருப்பவர்தாம் அறிந்து நிறுத்த வேண்டும்.