அந்தமான் ஸ்கூபா டிரிப்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

நீலத் தண்ணிக்குள்ள மீனோட மிதக்கிற ரீல்ஸ் பார்த்துட்டு, ஆஃபர் வந்ததும் சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு (பழைய போர்ட் பிளேர்) டிக்கெட் போடுறவங்க நிறைய பேர். ஸ்கூபா டிரிப்ல டிக்கெட் கடைசி வேலை. வரிசையை மாத்தினா பணமும் போகும், உடம்புக்கும் ஆபத்து.

1. முதல்ல மெடிக்கல் ஃபார்ம்

டைவ் சென்டர்ல உடல்நிலை பற்றி ஒரு கேள்வித்தாள் தருவாங்க. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, வலிப்பு, காது ஆபரேஷன் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர் சான்று இல்லாம தண்ணிக்குள்ள விடமாட்டாங்க. அங்க போய் இது தெரிஞ்சா ரீஃபண்ட் இல்லாத டிக்கெட், ரூம் எல்லாம் வீண். ஃபார்மை முன்கூட்டியே மெயிலில் வாங்கி, தேவைப்பட்டா டாக்டரைப் பார்த்துடுங்க. பொய்யா "இல்லை"னு டிக் அடிக்காதீங்க.

2. எந்த டைவ்?

முதல் தடவை போறவங்களுக்கு பயிற்சியாளர் கூடவே வரும் அறிமுக டைவ் போதும். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். ஓப்பன் வாட்டர் கோர்ஸ்னா 3 அல்லது 4 நாள். முடிச்சா 18 மீட்டர் வரை போகலாம். ஆனா அதுக்கு 200 மீட்டர் நீந்திக் காட்டணும். நீச்சல் தெரியலைன்னா அந்தக் காசை முதல்ல நீச்சல் வகுப்புக்குக் கட்டுங்க.

3. ரிட்டர்ன் ஃப்ளைட் எப்போ?

பலரும் கோட்டை விடுற இடம் இது. ஆழத்துல அழுத்தம் அதிகம். நாம சுவாசிக்கிற நைட்ரஜன் உடம்புல கரைஞ்சு தங்கும். விமானத்துல காற்றழுத்தம் குறையும்போது, சோடா பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி அது குமிழியா வெளிய வரலாம். அதனால ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் கழிச்சுதான் பறக்கணும். முழுசா ஒரு நாள் விட்டா இன்னும் நல்லது.

அதனால ரெண்டாவது நாளே ஹேவ்லாக்ல (இப்போ ஸ்வராஜ் தீவு) டைவ். மூணாவது நாள் ராதாநகர் பீச். நாலாவது நாள் ஃபெர்ரியில திரும்பி செல்லுலார் ஜெயில். ஐந்தாவது நாள் ஃப்ளைட். கடல் மோசமாகி ஃபெர்ரி ரத்தானாலும் கையில் ஒரு நாள் இருக்கும்.

4. பட்ஜெட்

ஒருத்தருக்கு ஒரு உதாரணக் கணக்கு. ரேட் சீசனுக்கு மாறும், உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

- ஃப்ளைட்: ரூ.16,000
- ஃபெர்ரி: ரூ.4,000
- ரூம், 4 இரவு, ஷேரிங்: ரூ.10,000
- சாப்பாடு, ஆட்டோ: ரூ.8,000
- டைவ்: ரூ.6,000
- இன்ஷூரன்ஸ்: ரூ.1,000
- எதிர்பாராத செலவு: ரூ.5,000

மொத்தம் ரூ.50,000. மாசம் ரூ.5,000 வீதம் 10 மாசம் ஆர்.டி. போட்டா முடிஞ்சது. ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணத்தை ஈக்விட்டி ஃபண்டில் போடாதீங்க.

இதே 50,000-ஐ 16% வட்டியில் 12 மாச பர்சனல் லோனா எடுத்தா வட்டி சுமார் ரூ.4,440. 2% ப்ராசஸிங் ஃபீஸும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்தா இன்னும் ரூ.1,180. கிட்டத்தட்ட இன்னொரு டைவ் காசு பேங்குக்குப் போகுது! எமர்ஜென்சி ஃபண்டிலும் கை வைக்காதீங்க.

5. எல்.டி.ஏ., இன்ஷூரன்ஸ்

பழைய வரி முறையில் இருந்து, சம்பளத்தில் எல்.டி.ஏ. இருந்தா, லீவு போட்டுப் போற இந்த டிரிப்போட ஃப்ளைட் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்கலாம். நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு தடவை. ரூம், சாப்பாடு, டைவ் கட்டணம் இதில் வராது. புதிய வரி முறையில் இந்தச் சலுகையே கிடையாது.

டிராவல் பாலிசி பலதில் சாகச விளையாட்டுக்கு கவர் இருக்காது. "ஸ்கூபா கவர் ஆகுமா, எத்தனை மீட்டர் வரை?"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஆக வரிசை இதுதான்: மெடிக்கல் ஃபார்ம், டைவ் தேதி, ரிட்டர்ன் தேதி, இன்ஷூரன்ஸ், கடைசியா டிக்கெட். முதல் ஆர்.டி. தவணையை அடுத்த சம்பள நாளிலேயே ஆரம்பிச்சிடுங்க!