அம்பாசிடரில் ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிறதா? முதலில் கேபிளைப் பாருங்க!

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. கேபிள் மீட்டர் உள்ள வண்டியில் அவர்களுக்கு வரும் ஒரு தலைவலி, "நாற்பதுல போனாலும் முள்ளு முப்பதுக்கும் ஐம்பதுக்கும் ஆடுது" என்பது. உடனே மீட்டரை மாற்ற வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான்.

ஏன் ஆடுகிறது?

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் முள்ளைத் தொடுவதில்லை. அது சுழலும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டம், முள்ளோடு இணைந்த அலுமினியக் கிண்ணத்தைத் திருப்புகிறது. மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்துப் பிடிக்கிறது. கேபிள் காய்ந்தாலோ மடங்கினாலோ சிக்கிச் சிக்கிச் சுழலும். முள்ளும் துள்ளும்.

என்ன செய்யலாம்?

* பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, மீட்டருக்குப் பின்னால் உள்ள நட்டைக் கழற்றி உள்கேபிளை உருவுங்கள்.
* மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சமமான மேசையில் உருட்டுங்கள். துள்ளினால் புது கேபிள்தான்.
* கிரீஸ் லேசாகப் பூசுங்கள். மீட்டர் பக்கம் கடைசி 15 செ.மீ.க்கு வேண்டாம், கிரீஸ் உள்ளே ஏறினால் மீட்டரே கெட்டுவிடும்.
* மாட்டும்போது கேபிள் எங்கும் ஒடுக்கமாக வளையக் கூடாது.

அப்புறமும் ஆடினால் மீட்டர் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 'பரவாயில்ல' என்று விட்டால் கேபிள் ஒருநாள் அறுந்துவிடும். பிறகு நெடுஞ்சாலையில் வேகத்தைக் குத்துமதிப்பாகத்தான் கணிக்க வேண்டும்.